ராகு காலம் தவறாதவன்

எங்கள் தெருவில் யாருக்காவது ராகு காலம் எப்போது என்று சந்தேகம் வந்தால் காலண்டரைப் பார்க்க மாட்டார்கள். என் வீட்டு வாசலைப் பார்ப்பார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் ராகு காலம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் எதிர் வீட்டுக்காரம்மா கையில் பையோடு படியிறங்கியவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கிளம்பிட்டீங்களாண்ணே?"

"ஆமாங்க, கடைக்கு."

"அப்ப நான் ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் போயிக்கிறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூடநம்பிக்கையை ஒழிக்கப் புறப்பட்டவன் தெருவுக்கே பஞ்சாங்கமாகிப் போன கதை இது.

அரியலூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறந்தது ராகு காலத்தில். திறந்த அன்றே மெஷினில் பேப்பர் சிக்கியது. இன்றுவரை சிக்கிக்கொண்டிருக்கிறது. பகுத்தறிவுக்கும் பேப்பர் சிக்குவதற்கும் சம்பந்தமில்லை என்று என் மனைவிக்குப் பல வருடமாக விளக்கி வருகிறேன். அவள் மறுத்ததே இல்லை. "நான் ஒண்ணும் சொல்லலைங்களே" என்பாள். மறுத்தாலாவது பதில் சொல்லலாம்.

பைக் வாங்கியதும் ராகு காலத்தில்தான். ஷோரூமில் ஈ காக்கை இல்லை. முதலாளி என்னைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்று ஹெல்மெட்டை இனாமாகக் கொடுத்தார். பத்திர ஆபீஸோ நகைக்கடையோ, ராகு காலத்தில் போனால் எங்கும் கூட்டம் இருக்காது. என் கொள்கையால் நான் கண்ட கண்கூடான பலன் இது ஒன்றுதான். ஊரே என் பேச்சைக் கேட்டுத் திருந்திவிட்டால் இந்த வசதியும் போய்விடுமே என்று உள்ளுக்குள் ஒரு பயமும் உண்டு. நல்லவேளை, இதுவரை ஒருத்தரும் திருந்தவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சுருண்டு படுத்துவிட்டேன். மனைவி ஆட்டோ கூப்பிட்டாள். புதன்கிழமைக்கு ராகு காலம் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு என்பது எனக்கு அந்த வலியிலும் நினைவிருந்தது. "உச்சி வேளைக்குப் போயிக்கலாம்" என்றேன்.

"வலி உசிரு போவுதுங்கறீங்க, இப்பவே போனா என்ன?"

"மன்றத்துல யாராவது பார்த்தா, நல்ல நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போறான்னு சொல்லுவாங்க."

நேரம் வரும்வரை முனகிக்கொண்டே கிடந்துவிட்டுப் போனோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, காலையில் வந்த வலிக்கு இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மனைவி உண்மை பேசுகிறவள். "நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாருங்க சார்" என்றாள். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இன்னும் இந்த ராகு காலம் எமகண்டமெல்லாம் பாக்குறீங்களா?" என்றார். வயிற்றில் இருந்தது வெறும் வாயு என்று பிறகு தெரிந்தது. அந்தக் கேள்விதான் இன்னும் கரையாமல் கிடக்கிறது.

மன்றம் என்று சொன்னேன் அல்லவா. பழமையை வேரோடு பிடுங்கி எறிவதற்காக எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் மாதம் ஒரு முறை கூடுகிறோம். ஏழெட்டுப் பேர் இருப்போம். தலைவருக்குக் கை வைத்த நாற்காலி. மற்றவர்களுக்குக் கை இல்லாதது. தலைவர் வராத நாளிலும் அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அதன் மேல் துண்டு போட்டு வைப்போம். முதலில் டீ, பிறகு வரவேற்புரை, பிறகு தலைவர் உரை. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த தோழர் ஒருவர், கூட்டம் முடிந்த பிறகு டீ குடித்தால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்களே என்று யோசனை சொன்னார். தலைவர் முகம் சிவந்துவிட்டது. "ஆரம்பத்திலிருந்து டீ முதல்லதான் தோழர். வழக்கத்தை மாத்துறதுக்கு நாம யாரு?" என்றார். அன்றைய தலைப்பு, 'பழக்க வழக்கங்களை உடைத்தெறிவோம்'. யோசனை சொன்ன தோழர் அடுத்த மாதம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் பூமியில் தோண்டினால் கோடிக்கணக்கான வருடத்துப் பழைய எலும்பு கிடைக்கும் என்பார்கள். எங்கள் மன்றத்தில் தோண்டவே வேண்டாம். மாடியேறி வந்தால் வரிசையாக உட்கார்ந்திருப்போம்.

மனைவியைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மைக் கிடைத்தால் விட மாட்டேன். "ரெண்டே வார்த்தை" என்று ஆரம்பித்து, கேட்பவர்களுக்குப் பசி, தூக்கம், பஸ் மூன்றும் தவறிய பிறகே இறங்குவேன். அதற்காக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நான் எல்லை தாண்டும்போது கூட்டத்திலிருந்து ஒரு இருமல் வரும். எத்தனை பேர் இருமினாலும் அந்த இருமல் எனக்குத் தனியாகக் கேட்கும். கேட்டதும், "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். காதுகுத்து, புதுமனை புகுவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாவற்றிலும் ஊரைக் காப்பாற்றியது அந்த இருமல்தான்.

எங்களுக்கு ஒரே மகள். பெரம்பலூரில் ஒரு பேங்கில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். ஒரு பங்குனியில் பேங்க் சிநேகிதிகளோடு திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போனாள். கொள்ளிடக் கரைக் கோயிலில் நந்திக்கு ஜாம்ஜாம் என்று திருமணம் நடக்கும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பெண் கிடைக்காத பையன்களின் அம்மாக்கள், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். என் மகள் போனது ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் என்றுதான் என்னிடம் சொன்னாள். நானும் ஒரு சமூகவியல் பார்வைக்காகப் போய் வா என்று அனுப்பினேன்.

கூட்ட நெரிசலில் அவளுடைய செருப்பு வார் அறுந்துவிட்டது. பங்குனி வெயிலில் ஆற்று மணலில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தவளை, மகனை இழுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா பார்த்திருக்கிறார். "இருடி தங்கம்" என்று சொல்லி, தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெண்ணின் செருப்பை எடுத்து வாரில் குத்திக் கொடுத்திருக்கிறார். மகன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை ஏந்திக்கொண்டு நின்றானாம். அவனுடைய பங்களிப்பு அவ்வளவுதான். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் பையன்.

"முதல்ல எனக்கு அத்தையைத்தாம்ப்பா புடிச்சது. அவரு பின்னாடி வந்தாரு" என்றாள் மகள், விஷயத்தை எங்களிடம் சொல்லும்போது.

பையன் வீடு உடையார்பாளையம். நிலம், முந்திரித் தோப்பு, டிராக்டர் எல்லாம் உள்ள குடும்பம். பையனின் அப்பா, அதாவது என் சம்பந்தி, உலகம் கெட்டுப்போனதற்குக் காரணம் மாற்றம்தான் என்று முடிவு கட்டியவர். மிக்சி வந்து ருசி போச்சு, பஸ் வந்து மரியாதை போச்சு, பொம்பளைப் புள்ளைங்க வேலைக்குப் போயி வூடு போச்சு என்பார். அதே வாயால், "நம்ம மருமவ பேங்குல ஆபீசருங்க" என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் மகள் ஆபீசர் இல்லை, கிளார்க். நான் திருத்தவில்லை. தோப்புக்கு மருந்தடிக்க டிரோன் வைத்திருக்கிறார். பஞ்சாங்கம்கூட போனில்தான். ராகு காலம் தொடங்கும்போது அந்த போன் ஒரு மணி அடிக்கும். முடியும்போது சங்கு ஊதும்.

நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் விடியலில் எனக்கு வாட்ஸப்பில் ஒன்று அனுப்புவார். 'நம் முன்னோர் வெறுங்காலில் நடந்ததற்குள் ஒளிந்திருக்கும் அறிவியல்.' நான் பல் தேய்ப்பதற்கு முன்பே பதில் அனுப்புவேன். 'செருப்பு வாங்க முடியாதவர்களின் வரலாறு.' இப்படி மாதக்கணக்கில் சண்டை நடந்தது. அவர் அனுப்பியதை நானும், நான் அனுப்பியதை அவரும் ஒரு நாளும் திறந்து படித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் எப்படி நடத்துவது என்று பேச உடையார்பாளையம் போனோம். வறுத்த முந்திரியைத் தட்டு நிறைய வைத்தார்கள். முந்திரி வாயில் இருக்கும்போது ஒருத்தரோடும் முறைத்துப் பேச முடியாது என்பது எங்கள் பக்கத்து நிலக்காரர்களுக்குத் தெரியும்.

"சுயமரியாதைக் கல்யாணம்தான் சம்பந்தி. எங்க மன்றத் தலைவர் தலைமையில. அய்யர் கிடையாது" என்றேன்.

"வேணாம், அய்யரு எதுக்கு."

"மந்திரம், புகை கிடையாது."

"ரொம்ப நல்லது சம்மந்தி. எனக்குக் கண்ணுல பூ விழுந்து ஆப்பரேசன் பண்ணிருக்கு. புகை ஆவாது."

இவ்வளவு எளிதாக வெற்றி கிடைத்தால் எனக்குச் செரிக்காது. அடுத்ததைப் போட்டேன். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலரைலேருந்து ஆறு. ராகு காலத்துலதான் மாலை மாத்துவோம்."

அவர் முந்திரியைத் தட்டில் திருப்பி வைத்தார். "சம்மந்தி, மாடு பார்த்து அமைச்ச கல்யாணம் இது. அதை ராகு காலத்துல வெக்கலாங்களா?"

"மாடு அமைக்கலைங்க. கூட்டத்துல ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாங்க. அது சமூக நிகழ்வு."

"அந்தக் கூட்டத்தைக் கூட்டுனது யாரு? மாடுதானுங்களே?"

அந்தக் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி எடுத்து வந்தேன். மன்றத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த சம்பந்தியம்மா பேசினார். குரல் உயரவே இல்லை. "அண்ணே, உங்க இஷ்டம்போல பண்ணுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ராகு காலத்துல என் கை தாலியைத் தொடாது. நான் மேடைக்கு வரலை. வெளியில உக்காந்துக்கறேன், முடிஞ்சதும் வந்து சாப்புட்டுப் போறேன்."

"ஏம்மா, அதெல்லாம் வெறும் நம்பிக்கைதானே?"

"எங்க கல்யாணத்துல பொண்ணு வூட்டு வேன் பஞ்சராயி, ராகு காலம் பொறந்து ரெண்டு நிமிசம் கழிச்சுத்தாண்ணே தாலி ஏறுச்சு." கணவரைக் கை காட்டினார். "நீங்களே பாருங்க, என்ன கெடைச்சிருக்குன்னு."

சம்பந்தி மறுபடி முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரியின் தூசி ஜன்னல் வழியாக எங்கள் மேல் மாவு போல இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்களுக்காக ராகு காலத்துல கட்டிக்கறேன். எனக்கு எந்த நேரமும் ஒண்ணுதான். ஆனா அத்தை மேடையில நிக்கணும். அவங்க கையாலதான் தாலி எடுத்துக் குடுக்கணும்."

"ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

"நீங்கதான புரட்சி பண்றவரு. பண்ணுங்க." ஜன்னல் கம்பியில் படிந்த தூசியை விரலால் துடைத்தாள். "நாளைக்கு அந்த வூட்டுல அவங்க கூடத்தாம்ப்பா இருக்கப்போறேன். அவங்க வெளியில உக்காந்திருக்க நான் உள்ள கட்டிக்கிட்டா, காலத்துக்கும் எனக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் கண்ணுல நிக்கும்."

முன் சீட்டிலிருந்து மனைவி திரும்பாமலே சொன்னாள். "ராகு காலத்துக்கு இவரு குடுக்குற மரியாதையை ராகுவே யாருகிட்டயும் பார்த்திருக்காது. வூட்டுல ஒரு டம்ளரைக் கழுவி வெக்கறது கிடையாது, ஒன்றரை மணி நேரத்தை மட்டும் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாரு."

நான் தூங்குவது போல இருந்துவிட்டேன். ஆனால் நேரத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. முப்பது வருடமாக மேடை மேடையாகப் பேசியவன், சொந்த மகள் கல்யாணத்தில் பின்வாங்கினால் மன்றத்தில் எந்த முகத்தோடு கை இல்லாத நாற்காலியில் உட்காருவது? சம்பந்தியம்மா கடைசி நேரத்தில் மனம் மாறி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். எந்த ஆதாரமும் இல்லாமல் ஒன்று நடக்கும் என்று நம்புவதற்கு என்ன பெயர் என்று என் துண்டுப் பிரசுரங்களில் நானே எழுதியிருக்கிறேன்.

பத்திரிகையில் ஒரு வரி சேர்த்தேன். 'ராகு காலம் முடிவதற்குள் வந்து வாழ்த்துக.' அதை அடித்ததும் என் கடையில்தான். பேப்பர் சிக்கியது.

இடையில் பிள்ளைகள் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வாடகைக் கிரீடம், என் மகளுக்குக் கூலிங் கிளாஸ். டிரோன் சம்பந்தியுடையது, முந்திரிக்கு மருந்தடித்ததுதான். "இதெல்லாம் நம்ம பழைய மரபு சம்மந்தி" என்றார் அவர். எந்த மரபு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பிரேம் போட்ட போட்டோ கொடுத்திருந்தார்.

கல்யாண நாளான ஞாயிற்றுக்கிழமை அரியலூர் மண்டபத்தில் எல்லாம் தயாராக இருந்தது. நாலரைக்குத் தொடங்கி, ஆளுக்கு நான்கு நிமிடம் வாழ்த்து, ஐந்து மணிக்கு மாலை என்பது என் திட்டம். சம்பந்தியம்மா பட்டுப்புடவையோடு வந்து, வாசல் வாழை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் மூடி போட்ட தாம்பாளம். அதில் தாலி. என் மனைவி போய்ப் பேசிவிட்டு வந்தாள். "வர மாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். மகள் மேடையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் வரவில்லை. பெரம்பலூரில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு வருகிறவர், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். தலைவர் இல்லாமல் தொடங்கிவிடலாம் என்றேன். "அப்படி வழக்கமில்லையே தோழர்" என்று மன்றமே ஒரே குரலில் சொன்னது. அவர் மேல் முழுக்க வெள்ளைத் தூசியோடு வந்து சேர்ந்தபோது ஐந்தே கால்.

வந்தவர் முதலில் டீ கேட்டார். பிறகு வரவேற்புரை. பிறகு மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமி, மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். குகையிலிருந்து அரியலூருக்கு வருவதற்குள் ராகு காலம் போய்விடும் என்று எனக்குப் பதறியது. 'சுருக்கமாக' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மைக்கிலேயே படித்தார்.

"தோழர் 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறார். சுருக்கம் என்பது என்ன? ஆதிக்க சக்திகள் நம் குரலைச் சுருக்கத்தானே பார்த்தார்கள்?"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து பலத்த கைதட்டல். திரும்பிப் பார்த்தேன். சம்பந்தி. வாழ்நாளில் ஒரு புரட்சிக் கூட்டத்துக்கும் போகாத மனிதர், எழுந்து நின்று தட்டுகிறார். அவரைப் பார்த்து அவருடைய பங்காளிகள் நான்கு வரிசையும் தட்டினார்கள். "பேசுங்கய்யா! இதையெல்லாம் யாரு எங்களுக்குச் சொல்றா!" என்றார். தலைவரின் கண் கலங்கிவிட்டது. அவருக்கு இப்படி ஒரு கூட்டம் கிடைத்ததே இல்லை. மறுபடி குகைக்குள் போய்விட்டார்.

கடைசியில் நான் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, போர்த்திய கையோடு பொன்னாடையாலேயே அவரை இழுத்து உட்கார வைத்தேன். மற்றப் பேச்சாளர்களிடம், "நீங்க சாப்பிட்டுட்டு வந்து பேசுங்க" என்று கெஞ்சி அனுப்பினேன். மண்டபத்துக் கடிகாரம் ஆறு ஆகப் பத்து நிமிடம் காட்டியது. பிள்ளைகள் இருவரும் கையில் மாலையோடு நின்றார்கள். தாலி வாசலில் சம்பந்தியம்மாவின் மடியிலேயே இருந்தது. வர மாட்டார், மாலையை மட்டுமாவது மாற்றிவிடலாம் என்று மைக்கை எடுத்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "மாலை மாற்றிக்கொள்ளுங்கள்."

ஆனால் மைக் கையில் இருந்தது.

"ரெண்டே வார்த்தை" என்றேன்.

கைதட்டல். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதற்கே தட்டினார்கள். நல்ல நேரம் என்று ஒன்று இல்லை, உழைக்கிறவனுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம்தான் என்றேன். மண்டபம் அதிர்ந்தது. "அருமை சம்மந்தி! விடாதீங்க!" என்று சம்பந்தி கத்தினார். கல் மனசும் கரைந்துவிட்டது, உடையார்பாளையமே திருந்துகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடை திறந்த கதையைச் சொன்னேன். பைக் வாங்கிய கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது, பழக்கத்தால், முன் வரிசையிலிருந்து ஓர் இருமல் வருகிறதா என்று ஒரு காது தானாகத் தேடியது. வரவில்லை. மனைவி கன்னத்தில் கை வைத்து, முதல்முறை கேட்பவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, இன்னும் இடம் இருக்கிறது போல என்று வயிற்று வலிக் கதைக்குள் இறங்கினேன். டாக்டர் கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன்.

"நேரம் நமக்கு அடிமை தோழர்களே! நாம் நேரத்துக்கு அடிமையில்லை! கடிகாரத்தைப் பார்த்து வாழ்கிறவன் மனிதனே அல்ல..."

அப்போது சம்பந்தியின் சட்டைப் பையில் சங்கு ஊதியது.

நீளமான சங்கு. மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் வாயைத் திறந்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். மண்டபத்தில் அப்போது கடிகாரத்தைப் பார்த்த ஒரே மனிதன் நான்தான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா எழுந்து, புடவையை உதறி, தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுவழியில் நடந்து வந்தார். "விளக்கு வெக்கிற நேரத்துக்குச் சரியா முடிச்சீங்கண்ணே. இதைவிட நல்ல நேரம் ஏது" என்று சொல்லிக்கொண்டே மேடை ஏறினார்.

தலைவர் என் காதில், "தோழர், இது என்ன?" என்றார். அந்த ஒரு கணத்தில் என் மூளை எங்கே போயிற்று என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நாளைக்குத் திங்கட்கிழமை, காலை ஏழரைக்கு அடுத்த ராகு காலம், இத்தனை பேருக்கும் படுக்க மண்டபத்தில் பாய் இருக்குமா என்று யோசித்தது. பிறகு மகளைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்த மாலை இடுப்புவரை இறங்கியிருந்தது. முகம் மட்டும், வாசலிலிருந்து வருகிறவரைப் பார்த்து, சின்ன வயதில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரிக்குமே, அப்படி இருந்தது.

"மாலை மாத்திக்கங்கம்மா" என்றேன். மைக் இல்லாமல்தான் சொன்னேன்.

மகள் மாலையைத் தூக்கியதும் நார் அறுந்து பாதி மாலை தொங்கியது. ஆளாளுக்கு நூல் தேடினார்கள். சம்பந்தியம்மா தாம்பாளத்தை என் கையில் திணித்துவிட்டு, தன் தாலிக் கயிற்றைத் துழாவி ஓர் ஊக்கை எடுத்து மாலையில் குத்தினார். "உனக்குன்னே வெச்சிருக்கேன் போலருக்குடி" என்றார். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாலித் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பகுத்தறிவுவாதியை டிரோன் தலைக்கு மேல் வந்து படம் பிடித்தது. அந்தத் தட்டிலிருந்து தாலியை எடுத்துக் கொடுத்தது சம்பந்தியம்மாவின் கைதான்.

அடுத்த மாதம் மன்றத்தில் விசாரணை. டீ குடித்து முடித்ததும் தலைவர் எழுந்தார். மாலை மாற்றிய நிமிடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததாகவும், அப்போது மணி ஐந்து ஐம்பத்தைந்து என்றும், ஆகவே கல்யாணம் சந்தேகமில்லாமல் ராகு காலத்தில்தான் நடந்தது என்றும் தீர்ப்புச் சொன்னார். அந்தக் கடிகாரம் நின்று எவ்வளவோ நாளாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதே வாரம் சம்பந்தி, நல்ல நேரத்தில் நடந்த கல்யாணம் என்று ஊரைக் கூட்டிக் கறி விருந்து வைத்தார். தலைவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அங்கே அவரை மறுபடி குகையிலிருந்து பேசச் சொன்னார்களாம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. சம்பந்தி தட்டினார், சரி, அவருக்கு ஆறு மணி ஆக வேண்டும். போனில் சங்கு வைத்தார், அதுவும் சரி. ஆனால் நான் பாட்டுக்கு எல்லை தாண்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன், வழக்கமாக வருகிற ஒன்று ஏன் வரவில்லை? கறி விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"எல்லாக் கூட்டத்துலயும் இருமுவியே. அன்னைக்கு ஏன் இருமலை?"

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அன்னைக்குத் தொண்டை நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

பக்கத்தில் போய் நின்று, கழுவிய டம்ளரை வாங்கித் துடைத்து வைத்தேன். துடைத்ததும் மனதுக்குள் ஒரு பெருமிதம் பொங்கியது. "இங்க பாரு, ஒரு சமூகத்துல உண்மையான மாற்றம்ங்கறது எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னா..." என்று தொடங்கினேன்.

இருமினாள்.